எல்லாப் பிரிவும் எழுந்தருளிய பிறகு

விழுப்புரத்தில் மின்வாசல் வாரியம் என்று ஒன்று இருந்தது. இப்போது தேடாதீர்கள், கிடைக்காது. அது இருந்த காலத்தில் தேடிப் போனவர்களுக்கே கிடைத்ததில்லை. மக்களுக்கு வேண்டிய சான்றுகளையெல்லாம் காகிதமே இல்லாமல் கணினி வழியாகக் கொடுக்கப் போகிறோம் என்று தொடங்கினார்கள். காகிதமே இல்லை என்ற பாதியை வாரியம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது. கையால் எழுதிக் கொடுக்கும் சான்று இனி செல்லாது என்று ஒரே உத்தரவில் முடித்துவிட்டார்கள். கொடுக்கப் போகிறோம் என்ற பாதிதான் கொஞ்சம் இழுபறியாக இருந்தது.

2013இல் அங்கே நிரல் எழுதும் வேலைக்கு ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்தேன். என் பெயர் இருதய அருண், ஊர் திண்டிவனம். தினமும் காலையில் பஸ் ஏறி விழுப்புரம் போவேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் பெங்களூருக்கு ஓடிவிட்டான். ஓடிவிட்டான் என்று சும்மா சொல்லவில்லை, டிபன் பாக்சைக்கூட எடுக்காமல் போயிருந்தான். அவன் வைத்த எலுமிச்சை சாதத்தை முதல் நாள் நான்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டினேன்.

இணையதளத்தைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, பிறகு வட்டமும் போய் வெறும் வெள்ளை மட்டும் மிஞ்சியது. நெட் போய்விட்டதோ என்று எழுந்து கம்பியை ஆட்டினேன். டீ கொண்டுவந்த அட்டெண்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உக்காருங்க சார். எல்லாரும் வரணும் இல்ல?"

"யாருங்க வரணும்?"

"அது டைரக்டர் பெரியவருக்குத்தான் தெரியும்."

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வீடு கட்டுகிறவர்கள் சாரம் கட்டுவார்கள் அல்லவா, இணையதளம் கட்டுகிறவர்களுக்கும் அப்படி ஒரு சாரம் உண்டு. ஃப்ரேம்வொர்க் என்பார்கள். அதில் ஏறி வேலை செய்யும் ஆட்கள்தான் கிளாஸ்கள். ஒவ்வொரு கிளாசும் ஒரே ஒரு வேலை தெரிந்த நிரல் துண்டு. ஒன்றுக்குப் பட்டா தெரியும், இன்னொன்றுக்கு மாட்டுக் கடன் தெரியும். யாராவது பொத்தானை அமுக்கினால் அந்த வேலை தெரிந்த கிளாசை மட்டும் எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். எழுப்புவதற்கு நேரம் பிடிக்கும், அதனால் தேவையில்லாதவர்களை எழுப்பக் கூடாது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடப் பையன்களுக்குத் தெரியும்.

எங்கள் வாரியத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் முதல் பிரிவிலிருந்து தொடங்கி வரிசையாக எல்லா கிளாஸ்களையும் எழுப்பினார்கள். கண்டாச்சிபுரத்தில் ஒருவர் மாட்டுக் கடனுக்கு அமுக்குவார். அவருக்காக விழாப் பிரிவு எழுந்து வரும், சினிமாக் கொட்டகை உரிமம் வரும், வெடிமருந்து வரும், பட்டுப்பூச்சி வரும். ஒவ்வொன்றும் தனியாகவும் வராது. கிளாசுக்கு அப்பன் கிளாஸ், பாட்டன் கிளாஸ் என்று வம்சம் உண்டு, கல்யாணத்துக்கு வருவதுபோல் குடும்பத்தோடு வரும். மேலே இருப்பவர்கள் எல்லோரும் வந்து அமர்ந்த பிறகுதான் கீழே இருக்கும் பிரிவு தன் வேலையைத் தொடங்கலாம். சர்வர் நான்கு நிமிடம்தான் பொறுக்கும், பிறகு கையை விரித்துவிடும். மாட்டுக் கடன் அந்த நான்கு நிமிடத்துக்குள் எப்படியோ மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். வரிசையில் கடைசியாக இருந்தது அயலகப் பிரிவு. வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கான பிரிவு அது. அதன் பக்கம் திறந்ததை மனிதர் யாரும் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்று இயக்குநர் வெங்கடாசலத்திடம் கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். அங்கே யார் யாரை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்று எழுதிய தொடக்கக் கோப்பை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். காகிதமில்லா வாரியத்தில் அன்று வரை நான் பார்த்த ஒரே காகிதம் அது.

"தொடக்க விழா அழைப்பிதழ்ல ஒரு பிரிவுத் தலைவர் பேரு விட்டுப்போச்சுப்பா. மனுஷன் விழாவுக்கே வரல. ஒரு மாசம் லீவு போட்டுட்டாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன், கம்ப்யூட்டர்லயும் யாரையும் விடக் கூடாதுன்னு. சீனியாரிட்டிப்படி நானே சொல்லச் சொல்ல உனக்கு முன்னாடி இருந்தவன் எழுதினான். நல்ல பையன். ஏன் ஓடினான்னே தெரியல."

அலுவலகத்தில் அந்தக் கோப்பின் பெயரே அழைப்பிதழ்தான். வரிசையில் முதல் பிரிவு இயக்குநரின் விழா மற்றும் வரவேற்புப் பிரிவு. அந்தப் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும். அதனால் இணையதளம் மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் அதைத் திறந்து காட்டி, "எங்கப்பா ஸ்லோ?" என்று கேட்பார். நானும் இரண்டு மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஊர் உலகத்தில் இதைவிடக் கூத்தெல்லாம் நடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மாயவனும் ருக்குவும் வந்தார்கள்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் அவர்களுக்கு. மாயவன் மீன்பிடிக்கிறவர், ருக்கு அவர் மனைவி. கூடத்தில் மக்களுக்காக வைத்திருந்த கணினியின் முன்னால் நின்றுகொண்டு, எதைத் தொடுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். நான் போய் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எங்க புள்ள அரிபிரசாத்து, வளைகுடாவுல போட்டுல வேல செஞ்சிக்கினு இருந்தான் தம்பி," என்றார் மாயவன். "சனிக்கெழம நெஞ்சு வலின்னு படுத்தானாம். எழுந்திருக்கலியாம்."

அவரே மேலே சொன்னார். உடல் அங்கே பிணக்கிடங்கில் இருக்கிறது. இவர்கள்தான் பெற்றவர்கள், உடலைக் கேட்கிறார்கள் என்று மாவட்டத்திலிருந்து ஒரு சான்று போக வேண்டும். வியாழக்கிழமைக்குள் போகாவிட்டால் கம்பெனிக்காரர்கள் அங்கேயே புதைத்துவிடுவார்கள். கூட வேலை செய்யும் கூட்டாளி போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான்.

"மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டாப் போதும் தம்பி," என்றாள் ருக்கு. "வேற ஒண்ணும் கேக்கல."

அயலகப் பிரிவு என்ற பொத்தானை நான்தான் அமுக்கினேன். வட்டம் சுற்றத் தொடங்கியது. மாயவன் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். கடலில் தூரத்து விளக்கைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"சுத்திக்கினே கீது. நம்ம புள்ளைக்காகத்தான் சுத்துதா?"

"ஆமாண்ணா."

பொய் சொன்னேன். அது அப்போது பட்டுப்பூச்சிக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு வெள்ளைப் பக்கம் வந்தது.

அயலகப் பிரிவின் தலைவர் காந்திமதி மேடம். வாரியத்திலேயே ஜூனியர், அதனால் நடைக்கோடியில் கழிப்பறைக்குப் பக்கத்து அறை. நல்ல மனுஷி. மாயவன் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கி, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"நான் இப்பவே அப்ரூவல் குடுக்கத் தயாரா இருக்கேன் அருண். ஆனா எனக்கு மேல இருக்கறவங்க எல்லாம் வந்து உக்காந்தாத்தானே என் பக்கம் திறக்கும்? ரெண்டு வருஷமா இந்தச் சீட்டுல இருக்கேன், என் பக்கம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது."

நேராக இயக்குநரிடம் போனேன். யார் வேண்டுமோ அவரை மட்டும் அழைக்கும்படி மாற்றிவிடலாம், அரை மணி நேர வேலைதான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கே எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூப்பிட்டுப் பேசுவோம் என்றார்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். வரிசைப்படி உட்கார்ந்து, வரிசைப்படி முறுக்கு எடுத்து, வரிசைப்படி டீ குடித்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. நான் எழுந்து என் மாற்றத்தை விளக்கினேன். இனிமேல் தேவைப்படும் பிரிவை மட்டும், தேவைப்படும்போது மட்டும் கூப்பிடுவோம் என்றேன்.

முதலில் எழுந்தவர் பட்டுப்பூச்சிப் பிரிவின் ராஜாமணி. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த மனிதர்.

"தம்பி, கூப்பிட்டா வர்றவன் வேலைக்காரன். கூப்பிடாமலே வந்து உக்காந்திருக்கறவன்தான் ஆபீசர். முப்பது வருஷமா நான் அப்படித்தான் சர்வீஸ் போட்டிருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு யாராச்சும் என்னைத் தேவைப்பட்டுக் கூப்பிட்டாங்கன்னு நிரூபிச்சிடு பாக்கலாம்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவர் உட்காரவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"எங்க பிரிவுக்கு ஒரு மனு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. தேவைப்பட்டாத்தான் கூப்பிடுவேன்னு சொல்றியே, எங்களை எப்பக் கூப்பிடுவே?"

எனக்கு எரிச்சலாக இருந்தாலும் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வெடிமருந்துப் பிரிவுக்காரர் எழுந்தார். "மனு வந்த அன்னிக்குத் திடீர்னு எழுப்பினா எப்படி? மனு வராத நாள்லயும் எழுப்பிப் பழக்கம் இருந்தாத்தான் வந்த அன்னிக்கு எழுந்திருக்க முடியும்." சினிமாக் கொட்டகைக்காரர் தன்னை விட்டுவிட்டு விவசாயத்தை மட்டும் கூப்பிட்டால் நாளைக்கு இரண்டு பிரிவுகளும் ஒரே வராண்டாவில் எப்படி முகத்தில் முழிப்பது என்று கேட்டார். காந்திமதி மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய முறை வருவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

கடைசியில் இயக்குநர் பேசினார். "வேகம்னா என்ன? முன்னால இருக்கறவங்க முன்னாலயும் பின்னால இருக்கறவங்க பின்னாலயும் ஒழுங்கா வர்றதுதான் வேகம். என் பக்கம் உடனே திறக்குது. இந்த முறை சரியானதுன்னு அதுவே சொல்லுது. பின்னால இருக்கறவங்க இதைக் குறைன்னு நினைக்கக் கூடாது. உழைச்சு மேல வாங்க. மேல வந்தா உங்க பக்கமும் உடனே திறக்கும்."

"சார், வெளியில ரெண்டு பேரு புள்ளையோட பொணத்துக்காகக் காத்துக்கினு இருக்காங்க சார்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அதனாலதான்ப்பா கமிட்டி போடறோம்."

வேக மேம்பாட்டுக் குழு அன்று மாலையே பிறந்தது. குழு என்று ஒன்று பிறந்துவிட்டால் அதற்கும் அழைப்பிதழில் இடம் வேண்டும். அதற்குத் தலைவர் இயக்குநரே என்பதால் மேலிருந்து இரண்டாவது இடம். அந்தக் குழுவுக்கு ஒரு கிளாஸ், அதற்கு ஓர் அப்பன் கிளாஸ், எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதினேன். அன்றோடு மாட்டுக் கடன் பக்கமும் திறப்பதை நிறுத்திக்கொண்டது.

மாயவனும் ருக்குவும் சாயங்காலம் வரை கூடத்திலேயே இருந்தார்கள். ருக்கு பையிலிருந்து கேப்பை அடையை எடுத்துப் பிட்டு எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். செத்த வீட்டுக்காரி எனக்குச் சாப்பாடு கொடுக்கிறாள், நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே வாங்கித் தின்றேன்.

புதன்கிழமை காலையில் குழு தன் முதல் கண்டுபிடிப்பை அறிவித்தது. யார் தாமதமாக வருகிறார்கள் என்று தெரியாததுதான் தாமதத்துக்குக் காரணமாம். ஆகவே இனிமேல் ஒவ்வொரு கிளாசும் எழுந்து வந்ததும் வருகைப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். முன்னால் வந்தவர் பதிந்து முடிக்கும் வரை பின்னால் வருபவர் வாசலில் நிற்க வேண்டும். அப்புறம், காத்திருக்கும் மக்களுக்குச் சலிப்பு வரக் கூடாது என்று இயக்குநரின் வரவேற்புரையை ஒலிப்பதிவு செய்து, வட்டம் சுற்றும் நேரத்தில் அது ஒலிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த உரைக்கும் ஒரு கிளாஸ். சரிதான் போ என்று அதையும் எழுதினேன்.

கூடத்தில் உரை ஓடத் தொடங்கியது. மாயவன் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"யாரு தம்பி பேசறது? பெரிய ஆபீசரா? நம்ம புள்ளயப் பத்திச் சொல்றாரா?"

"இல்லண்ணா. பொறுமையப் பத்திப் பேசறாரு."

"ஓ," என்றார். உரை முடியும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மதியம் பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அழைப்பிதழை அப்படியே தூக்கிக் கடாசினேன். எந்த கிளாஸ் எந்தக் கோப்பில் படுத்திருக்கிறது என்று ஒரு வரைபடம் முன்கூட்டியே தயாராக இருக்கும்படி செய்தேன். யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவரை மட்டும் எழுப்பு, மற்றவர்கள் தூங்கட்டும். வேலை அவ்வளவுதான். முடித்துவிட்டு நடைக்கோடிக்கு ஓடி, காந்திமதி மேடத்தைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிவந்தேன்.

மாயவனும் ருக்குவும் பக்கத்தில் நிற்கப் பொத்தானை அமுக்கினேன். வட்டம் தலைகாட்டக்கூட இல்லை. பக்கம் திறந்துவிட்டது.

காந்திமதி மேடம் மிரண்டு போனார். "இது நம்ம சைட்தானா? என் பக்கம் பச்சைக் கலரா?" கை கழுவாததால் இடது கையால் தட்டிப் பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் நிரப்பி ஒப்புதல் கொடுத்தார். சான்று கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரையில் வந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் ருக்கு.

"அவ்ளோதாம்மா."

"இதுக்கா இந்தப் பேஜாரு?" அவள் யாரையும் திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காந்திமதி மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கழுவப் போனார்.

அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் ஒரே பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினோம். விக்கிரவாண்டியில் பஸ் நின்றதும் வேர்க்கடலை விற்கும் மல்லாட்டைக்காரர்கள் ஜன்னலில் முட்டினார்கள். ருக்கு ஒரு பொட்டலம் வாங்கி, பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேக வெச்ச மல்லாட்டைன்னா உசிரு அவனுக்கு. துன்னுட்டு ஓட்ட என் தலமேலயே போடுவான்," என்றாள்.

"வெள்ளிக்கெழம மெட்ராஸ் ஏர்போட்டுக்கு வந்துடுமாம்," என்றார் மாயவன்.

"வந்துடுமாம் இன்னாயா வந்துடுமாம்? வந்துடுவானாம்னு சொல்லு."

"வந்துடுவானாம்," என்றார் அவர்.

மரக்காணம் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அமலோற்பவமேரி என் முகத்தைப் பார்த்து, என்னடா விசேஷம் என்று கேட்டாள். ஒருத்தரோட பையன் பொணம் வருதும்மா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எந்த ஊரில் உண்டு? எங்கள் வாரியம் இருந்த ஊரில் உண்டு.

வியாழக்கிழமை காலையில் உள்ளே நுழைந்ததுமே இயக்குநர் அறைக்கு வரச் சொன்னார்கள். பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தின நாள் மதியத்து வருகைப் பதிவேடு திரையில் இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர், அயலகப் பிரிவு.

"நேத்து மதியம் ஒரு சான்று போயிருக்கு," என்றார் வெங்கடாசலம். கோபத்தைவிட அடிபட்ட வருத்தம்தான் அவர் குரலில் இருந்தது. "விழாப் பிரிவு வரல. குழு வரல. நான் வரல. நான் இல்லாம ஒரு சான்று எப்படிப்பா போச்சு?"

"அதுக்கு நீங்க தேவைப்படல சார்."

யாரோ பின்னாலிருந்து உச்சுக் கொட்டினார்கள். ராஜாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயக்குநர் சுவரில் இருந்த அழைப்பிதழைப் பார்த்தார். பிறகு, உரிய பிரிவுகள் வருகை தராத நிலையில் வழங்கப்பட்ட சான்று செல்லாது, ரத்து செய்யப்படுகிறது என்று தானே தட்டினார்.

"சார், இன்னிக்குத்தான் கடைசி நாளு சார். கால்ல விழறேன், இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க."

"விட்டுடலாம்ப்பா. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேப்பான். புதுசா மனு போடச் சொல்லு. வரிசைப்படி வரட்டும், நானே பாத்துக்கறேன்."

பொத்தானை அமுக்கினார். என் மாற்றத்தை அப்போது இன்னும் யாரும் எடுக்கவில்லை. ரத்து உத்தரவு ஒரே நொடியில் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. இயக்குநர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அட! சூப்பரா போவுதே! இவ்வளவு வேகமா இந்த வாரியத்துல ஒரு உத்தரவு போனதே இல்லப்பா!"

பிரிவுத் தலைவர்கள் கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தட்டினார்கள். குழுவின் முதல் வெற்றி என்று அதைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அழைப்பிதழைப் பழையபடி வைத்துவிட்டு, என் கடவுச்சொல்லைப் பிடுங்கிக்கொண்டு, கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். காந்திமதி மேடம் அழுதுகொண்டே ஒரு வெள்ளைத்தாளில் கையால் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையால் எழுதியது செல்லாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அதைப் படம் பிடித்து, மாயவன் தந்திருந்த நம்பரில் அந்தக் கூட்டாளிக்கு அனுப்பினேன். அவன் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். கம்பெனிக்காரர்கள் வாரியத்தின் ரத்து உத்தரவைக் காட்டியிருக்கிறார்கள்.

மாயவனும் ருக்குவும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள். மாயவன் சலவை வேட்டி கட்டியிருந்தார். அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்து என்ற சொல்லை ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது என் போன் அடித்தது. அந்தக் கூட்டாளிதான். பேச முடியாமல் விசும்பினான். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முடிந்துவிட்டது, படம் அனுப்பியிருக்கிறேன் என்றான்.

மாயவனின் போனில் படம் தெரியாது. என் போன்தான் படம் காட்டும் போன். நான்தான் காட்ட வேண்டியிருந்தது.

வெறும் மணல். வெயிலில் வெளுத்த மணல்மேடு, அதன் தலைமாட்டில் ஒரு சின்னக் கல். ருக்கு போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எங்க கீறான் எம்புள்ள?"

"உள்ள கீறான்டி," என்றார் மாயவன்.

நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். ருக்கு அழவில்லை. போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, கூடத்தின் நடுவில் போய் நின்றாள். கரையில் நின்று படகைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு.

"அரீ... டேய் அரீ... ஏய் அரிபிரசாத்து..."

அந்தக் கட்டடம் அதிர்ந்தது. கதவுகள் திறந்தன. முதலில் வெங்கடாசலம் வெளியே வந்தார். அவர் பின்னால் சினிமாக் கொட்டகை, வெடிமருந்து, பட்டுப்பூச்சி ராஜாமணி, பட்டா, மாட்டுக் கடன், எல்லோரும் தங்கள் உதவியாளர்களோடு வந்தார்கள். நடைக்கோடியிலிருந்து காந்திமதி மேடம் கடைசியாக வந்து சேர்ந்தார். வரிசை குலையாமல் வராண்டாவில் நின்றார்கள்.

ருக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவசரப்படவில்லை. கடைசி முகம் வரைக்கும் பார்த்தாள்.

பிறகு மறுபடியும் கூப்பிட்டாள்.